முன் சக்கரத்துக் குமிழ்

மலையடிவார மடத்துக்கு ஆவுடையப்பன்தான் வண்டியோட்டி. அவருக்கு அறுபத்தொரு வயது. குருவான சாமிக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் சாமி சொன்னால் சொன்னதுதான்.

போன ஐப்பசியில், மேலே உச்சிப்பாறை ஊரிலிருந்து பேச்சித்தாயைப் பிரசவத்துக்கு இறக்கிக் கொண்டுவரும்போது, காட்டாற்றின் நடுவில் மடத்து ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆள் வந்து கயிறு கட்டி இழுப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. அன்றிலிருந்து ஆவுடையப்பன் அந்த ஜீப்பின் முகத்தில் விழிப்பதில்லை. கொட்டகையில் போட்டது போட்டபடி கிடக்கிறது. கிணற்றுக்குப் போவதானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

இப்போது புரட்டாசி. பேச்சித்தாய்க்கு மறுபடியும் எட்டு மாதம். மழைக்கு முன்னால் வேறு வண்டி வாங்கியாக வேண்டும்.

"என்ன அண்ணாச்சி, எது முடிவாச்சு?" என்றார் சாமி.

"மண்டை காயுது சாமி. ஒரே ஜீப்பிலே மூணு தலைமுறை வந்திருக்கு. பழசு நம்ம சனியன் மாதிரி முழு இரும்பு, இடுப்பை ஒடிச்சிரும். நடுவிலே வந்தது மெத்துனு போகும், மேட்டிலே மூச்சு வாங்கும். புதுசு புதுமாப்பிள்ளை கணக்கா மினுக்குது, தண்ணி பட்டா வயரெல்லாம் என்ன ஆகுமோ. ஏழு தடவை டவுனுக்குப் போயிட்டேன். போகும்போது ஒண்ணு சரிங்குது மனசு, திரும்பும்போது இன்னொண்ணுங்குது."

"நாலு சக்கரமும் இழுக்கணும்னா என்ன செய்யணும்?"

"புதுசிலே பொத்தானை அமுக்கினாப் போதும். நடுவுள்ளதிலே கியர் பக்கத்துக் கம்பியை இழுக்கணும்."

"பழசிலே?"

"முதல்லே கீழே இறங்கி, முன் சக்கரம் ரெண்டிலேயும் குமிழைத் திருகணும். அப்புறம்தான் கம்பி. திருகலேன்னா முன் சக்கரம் சும்மா கூட வரும், இழுக்காது."

"அன்னைக்கு?"

"கம்பியை இழுத்தேனே! கேக்கலையே! கழுத்தறுத்த வண்டி சாமி அது."

சாமி ஒரு செம்புத் தண்ணீரோடு கொட்டகைக்கு நடந்தார். ஆவுடையப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார். சாமி முன் சக்கரத்தருகே குந்தி, பதினோரு மாதமாகக் காய்ந்து கிடந்த சேற்றில் தண்ணீரை ஊற்றி, விரலால் தேய்த்தார்.

"இந்தக் குமிழ் எந்தப் பக்கம் நிக்குது அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் வந்து குனிந்தார். மறுபக்கம் போய், அந்தச் சக்கரத்தின் சேற்றைத் தன் தோள்துண்டாலேயே துடைத்துப் பார்த்தார்.

இரண்டும் திருகாமலே நின்றன.

அன்று கொட்டிய மழை நினைவுக்கு வந்தது. நனைய மனமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்ததும்.

சேறான துண்டைப் பிடித்தபடி, "எதை வாங்கட்டும் சாமி?" என்றார்.

"ஏறப் போறவ பேச்சித்தாய். இந்தக் குமிழ் விஷயத்தை அவகிட்டச் சொல்லுங்க. அப்புறம் எதிலே ஏறுவேன்னு கேட்டுட்டு வாங்க."

"மேலேயா? நான் எதிலே போறது?"

"நடந்துதான் அண்ணாச்சி. ஆத்திலே இறங்கிப் போங்க."