பதினேழாவது பெயர்

கம்பெனித் தகவலெல்லாம் கொட்டிக் கிடக்கும் டேட்டா லேக்கை, யார் யாருக்கு அனுமதி என்று கண்காணிக்கும் மென்பொருளோடு இணைக்க வேண்டும் என்றாள் ஒப்பந்த ஊழியை செண்பகவல்லி. மீட்டிங்கில் டைரக்டர் அமிர்தகடேசனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“உள்ளே போறவங்க அத்தனை பேரும் எனக்கு அத்துப்படி. ஒரு தப்பான ஆளைக் காட்டு. இல்லாட்டி நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்!”

அவள் அங்கேயே இணைத்தாள். உள்ளே போக அனுமதி உள்ள நானூறு பெயர்கள் ஒப்புதலுக்காக அவர் போனுக்குப் போயின. காபி ஆறுவதற்குள் ‘அனைவருக்கும் சரி’ என்று தட்டிவிட்டார்.

“ஒவ்வொரு பெயரா பார்த்தீங்களா சார்?”

“பின்னே? எல்லாரும் இங்கே வேலை பார்க்கிறவங்கதான்!”

“ரொம்ப சந்தோஷம் சார். பதினேழாவது பெயர் நம்ம தணிகாசலம் சார். போன தை மாசம் ரிட்டயர் ஆனப்போ நீங்கதானே பொன்னாடை போர்த்தினீங்க? நாளைக்கு அவருக்கு எந்த சீட் ஒதுக்கட்டும்?”

அறையே சிரித்தது. அமிர்தகடேசன் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.