வரைபடத்தில் இருந்த குப்பை

ஞானசிகாமணியின் நாற்காலி கம்பெனி கோவைப் பக்கம் இருந்தது. இரும்பு, பஞ்சு, பிளாஸ்டிக் மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்வதால், ஓரிடம் உடைந்தாலும் முழு நாற்காலியும் வீண். பிரிக்க முடியாததைப் பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்கவில்லை. திரும்பி வந்தவை பின்பக்கம் மலையாகக் குவிந்தன.

வெளியூர் வியாபாரிகள் வருவதற்கு முதல் நாள், கூட்டிப் பெருக்கும் மயிலாத்தாளை முதலாளி கூப்பிட்டார்.

"எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, வெளியே கொட்டவும் கூடாது. நாளைக்குள்ள குப்பை ஒழியணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க," என்றாள் அவள்.

மறுநாள் முதலாளி வியாபாரிகளோடு ஏசி அறைக்குள் நுழைந்தார். புது நாற்காலியின் வரைபடம் விரித்திருந்த மேசையருகே மயிலாத்தாள் விளக்குமாறோடு நின்றாள்.

"இங்கே உனக்கென்ன வேலை?"

"குப்பையை ஒழிக்க வந்தேனுங்க. பின்னாடி கிடக்கறதை இனி யாராலயும் ஒழிக்க முடியாதுங்க. நாளைக்குக் குப்பையாகப் போற இந்த நாற்காலி இன்னும் காகிதத்துலதானே இருக்கு? பசைக்குப் பதிலா திருகாணி போடச் சொல்லுங்க, உடைஞ்சதை மட்டும் கழட்டி மாத்திக்கலாம், இந்தக் குப்பை இப்பவே ஒழிஞ்சிரும்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் மூத்த வியாபாரி சொன்னார்: "திருகாணி போட்டதுன்னா நாங்க எடுத்துக்கறோம்."

இப்போதெல்லாம் மயிலாத்தாள் கழற்றி மாட்டிப் பார்க்காமல் எந்தப் புது நாற்காலியும் வெளியே போவதில்லை. எங்கே வேலை என்று யாராவது கேட்டால், "நாற்காலி வரையற ரூம்ல" என்கிறாள், தலை நிமிர்ந்து.