சடையனுக்கு ஒன்ஸ்மோர்

ஒரு காட்டில் இரண்டு கரடிகள் இருந்தன. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கரடி இருக்கிற காடு, அவ்வளவுதான்.

ஒன்றின் பெயர் சடையன். இன்னொன்று திம்மன். இரண்டுமே பயில்வான்கள். சடையனுக்கு நாலு பேர் புகழ வேண்டும். திம்மனுக்கு வந்த வேலை முடிந்தால் போதும்.

மழைக்காலம் நெருங்கியது. மலையில் ஒழுகாத குகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு கரடிகளும் அதைக் கேட்டன.

"குத்துச்சண்டை போடுங்கள். ஜெயித்தவருக்குக் குகை," என்றது யானை. நடுவரும் அதுதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். சண்டைக்கு முன் பயில்வான்கள் ஆளுக்கொரு தரம் பாறாங்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

திம்மன் தூக்கியது. கீழே வைத்தது. ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

சடையன் கல்லைத் தலைக்கு மேலே தூக்கி, மைதானத்தை ஒரு சுற்றும் சுற்றி வந்தது. கூட்டம் கைதட்டியது.

திம்மனுக்குக் கூட்டாளி ஒரு குரங்கு. தந்திரக்காரக் குரங்கு. அது கிளையில் தொங்கிக்கொண்டு கத்தியது. "சடையண்ணே! ஒன்ஸ்மோர்!"

சடையன் மறுபடி தூக்கியது.

"இந்தப் பக்கம் சரியாத் தெரியலைண்ணே!"

இந்தப் பக்கம் திரும்பித் தூக்கியது.

"ஒத்தைக் கையால முடியாதாமே? பேசிக்கிறாங்க!"

"எவன் சொன்னான்?" ஒற்றைக் கையால் தூக்கியது. பிறகு அடுத்த கையால்.

சடையனின் மனைவி குட்டிகளை முதுகில் சுமந்தபடி ஓடி வந்தது. "ஏங்க, கல்லோட சண்டை போடவா வந்தீங்க? புள்ளைங்களுக்குக் குகை வேணும். பேசாம உட்காருங்க."

"சும்மா இரு. கூட்டம் கேட்குது பார்."

"கூட்டம் எங்கே கேட்குது? அந்தக் குரங்குதான் கேட்குது!"

சடையன் காதில் எதுவும் ஏறவில்லை. மறுபடி குனிந்து கல்லைப் பிடித்தது.

திம்மன் கொட்டாவி விட்டது. "டேய், இன்னிக்குச் சண்டை உண்டா இல்லையா?"

"பொறுண்ணே," என்றது குரங்கு. "பாதிச் சண்டை முடிஞ்சாச்சு."

யானை பிளிறியது. சண்டை ஆரம்பம்.

சடையன் குத்துவதற்குக் கையை ஓங்கப் பார்த்தது. கை மார்புக்கு மேல் எழவில்லை. தோள் வெடவெடவென்று நடுங்கியது. திம்மன் நிதானமாக நடந்து வந்து, தாடையில் ஒன்று விட்டது. ஒன்றே ஒன்றுதான். சடையன் மல்லாந்து விழுந்தது. யானை பத்து வரை எண்ணியது. எழுந்திருக்கவில்லை.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. திம்மன் குகைக்குள் போய்ப் படுத்தது. சடையன் குடும்பம் ஒரு வேங்கை மரத்தடியில் ஒண்டியது.

"அவ்வளவு பேர் கைதட்டினாங்களே!" என்றது சடையன்.

"தட்டினாங்க. தட்டிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. சின்னவன் நனையறான். அவன் தலைக்கு மேல கையையாவது பிடிங்க."

சடையனால் கையைத் தூக்க முடியவில்லை.

நீதி: கைதட்டலுக்குச் செலவழித்த பலம் காரியத்துக்கு மிஞ்சாது.