தாத்தா சுட்ட புலி

நிலம் நீச்செல்லாம் விற்றுத் தின்ற பிறகும் கருங்குன்றம் ஜமீன்தாருக்கு ஜம்பம் மட்டும் குறையவில்லை. கடைசியாக விலைக்கு வந்தது அரண்மனையின் சீமைத் துப்பாக்கி.

"எங்க தாத்தா இதாலதான் புலி சுட்டார்னு வியாபாரியை நம்ப வைடா. அவர் பெருமை ஒரு பொட்டு குறைஞ்சாலும் உன் குடிசையைப் பிரிச்சு எறிஞ்சிடுவேன்" என்று காவல்காரன் கொம்பையாவை மிரட்டி வைத்தார்.

மெட்ராஸிலிருந்து வந்த வியாபாரி மீரான் பாய் துப்பாக்கிக் குழலைக் கழற்றி, முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இந்த விசைக்குப் பேட்டன்ட் வாங்கினதே 1875-லன்னு வெட்டியிருக்கு. உங்க தாத்தா 1861-லயே போயிட்டார்னு வாசல் சமாதி சொல்லுது. செத்தவரா சுட்டார்?"

ஜமீன்தார் கொம்பையாவை முறைத்தார். கொம்பையா துண்டை இடுப்பில் கட்டினான்.

"பாய், பெரிய எசமான் இருந்தவரைக்கும் அவர் மீசையைப் பார்த்தே புலி செத்துச்சு. துப்பாக்கி எதுக்கு? அவர் போன பிறகுதானே இந்த வீட்டுக்கு அது தேவைப்பட்டுச்சு! பெருமையைக் குறைச்சேனா, எசமான்?"

குறைத்தாய் என்றால் மீசை பொய். இல்லை என்றால் துப்பாக்கிக் கதை பொய். ஜமீன்தார் மென்று விழுங்கி, "இல்லைடா" என்றார். குடிசை தப்பியது.

மீரான் பாய் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"இதுக்குப் பழைய இரும்பு விலைதான். புலி விலை வேணும்னா அந்த மீசையைக் கொண்டாங்க."