பாட்டனார் ஜோடும் ராஜாவின் கால் ஆணியும்

முன்னொரு காலத்திலே பூங்குன்ற நாட்டைச் செண்பகராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றா சொன்னேன்? நொண்டினான்! வலது கால் சுண்டுவிரலில் ஓர் ஆணி. மிளகு அளவுதான், மிதித்தால் உயிர் போகும். அந்த எரிச்சலில் அவன் போட்ட உத்தரவுகளைச் சமாளித்தே மந்திரி அம்பலவாணருக்குத் தலை நரைத்துவிட்டது.

பட்டத்துக்கு வருகிறவர் பாட்டனாரின் சரிகை ஜோட்டைப் போட்டுக்கொண்டுதான் சபைக்கு வரவேண்டும் என்பது அந்த வம்சத்து வழக்கம். பாட்டனாருக்கோ குழந்தைப் பாதம்; பேரனுக்கு முறம் போன்ற பாதம். "ஜோடு நெருக்குகிறது அரசே" என்று மந்திரி நூறு தடவை சொல்லியாயிற்று. "என் பாட்டனாரையா குறை சொல்கிறீர்?" என்று ராஜாவும் நூறு தடவை சீறியாயிற்று.

ஒருநாள் சபையில் உடை அதிகாரி வீரகேசவர் எழுந்தார். மந்திரி பேச்சு எடுபடக்கூடாது, அவருக்கு அதுதான் வேலை. "அரசே, நாவிதன் சின்னாண்டி செதுக்கச் செதுக்க ஆணி வளர்கிறது. இது சூனியம். அவன் கையை வெட்டுங்கள்!"

"வெட்டு!" என்றான் ராஜா.

ஓரமாய் நின்ற சின்னாண்டி ஓடிவந்து கும்பிட்டார். "சாமி, செதுக்கினால் ரெண்டு நாள் வலி குறையும். ஜோடு அழுத்திக்கொண்டே இருந்தால் தோல் மறுபடி தடிக்கத்தானே செய்யும்!"

அட கடவுளே, இதைத்தானே நானும் தொண்டை வற்றக் கத்துகிறேன் என்று மந்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகச் சொன்னால் இந்த மண்டையில் ஏறாது. குரலைக் குழைத்தார்.

"சூனியம்தானா என்று பார்த்துவிடுவோம் அரசே. சின்னாண்டி கைபடாத ஒருவர் நாற்பத்தெட்டு நாள் இந்த ஜோட்டைப் போடட்டும். ஆணி வராவிட்டால் கையை வெட்டலாம். ஆனால் ராஜ ஜோட்டைப் போட யாருக்குத் தகுதி..."

"எனக்கு!" என்று துள்ளினார் வீரகேசவர்.

ஜோடு அவர் காலுக்குப் போனது; அதுவரை போட்டுக்கொள்ள ராஜாவுக்கு அகலமான மெத்துச் செருப்பு வந்தது. சின்னாண்டி கைபடக்கூடாதே! அவர் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, மந்திரியே தினமும் ராஜாவின் காலை வெந்நீரில் ஊறவைத்து, நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, விரலிடுக்கில் பஞ்சு வைத்தார். முப்பது வருஷம் மந்திரியாக இருந்து கடைசியில் கால் தேய்க்கவா வந்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் ராஜா விறுவிறுவென்று நடந்து வந்தான். வீரகேசவர் தூண் தூணாகப் பிடித்து வந்தார்.

"ஜோடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டான் ராஜா.

"பூ மாதிரி இருக்கிறது அரசே! ஆணியா? இல்லவே இல்லை!" முகமெல்லாம் வியர்வை.

சின்னாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்பச் சந்தோஷம்!" என்றார் மந்திரி. "இவ்வளவு பொருந்துகிறதே, ஆயுசுக்கும் அவரே போடட்டும் அரசே. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் மரியாதையையும் கொடுத்துவிடுங்கள்."

"கொடுத்தேன்!" என்றான் ராஜா.

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறிக் கீழே உட்கார்ந்தார் வீரகேசவர். "இந்தப் பாழாய்ப்போன ஜோடுதான் காரணம்! ரெண்டு காலிலும் ஏழு ஆணி!"

சபை சிரித்தது. ராஜா தன் சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தான். ஆணி இருந்த இடம் மெத்தென்றிருந்தது. வெட்கமாகப் போயிற்று.

"நூறு தடவை சொன்னீரே மந்திரி!"

"நூற்றிரண்டு, அரசே."

ஜோடு அன்றே பெட்டிக்குள் போனது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது, சின்னாண்டிக்குப் பட்டுச் சால்வை. சபை கலைந்ததும் வீரகேசவர் தவழாத குறையாக வந்து, "சின்னாண்டி ஐயா, கொஞ்சம் பாருங்களேன்" என்று காலை நீட்டினார்.

சின்னாண்டி வெந்நீர் கொண்டுவந்தார். வீங்கிக் கிடந்த அந்தக் காலைத் தூக்கி அதில் வைக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.