முதல் விலாசம்

"சாமி, இந்த லேப்டாப்புக்கு என்னமோ பிடிச்சிருக்கு" என்றார் இருதயராஜ்.

சாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன பண்ணுது?"

"நெட்டு இருக்கு. ஆனா இல்லை."

"அப்ப அது என்னைவிடப் பெரிய ஞானி. உள்ள கொண்டு வாங்க."

சிறுமலை அடிவாரத்தில் ஓட்டுக் கொட்டகை போட்டு இருந்த இந்தச் சாமிக்கு நாற்பது வயதுதான். பூர்வாசிரமத்தில் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்த்தவர். இனி கம்ப்யூட்டர் முகத்திலேயே விழிப்பதில்லை என்றுதான் மலையடிவாரத்துக்கு வந்தார். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. கவலையைத் தூக்கிக்கொண்டு வந்த ஜனம் கவலையோடு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. சாமியாராகப் போனாலும் சனி விடவில்லை என்று ஊரில் சிரித்தார்கள். சாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இருதயராஜ் அவரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை வைக்கும் ஃபாதரும் அவருக்குச் சாமிதான், சனிக்கிழமை வந்து பார்க்கும் இவரும் சாமிதான். இரண்டு சாமிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

போன வருஷம் அவர் மனைவி செசிலி தவறினாள். அதிலிருந்து இங்கே வருகிறார். வருவார், உட்காருவார், எதுவும் கேட்காமல் எழுந்து போய்விடுவார்.

இன்றுதான் முதல்முறையாக ஒரு கேள்வியோடு வந்திருந்தார். அதுவும் லேப்டாப்பைப் பற்றி.

"எப்ப இருந்து இப்படி?"

"ஐப்பசி மழையில இருந்து சாமி."

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ரூட்டரை மாத்தினேன். நெட்டுக்காரனையே மாத்தினேன். பக்கத்து வீட்டு நெட்டுல போட்டேன், செல்போன் நெட்டுல போட்டேன். எங்க போட்டாலும் இதே கதைதான். பிரவுசர் வேலை செய்யுது. மத்த ஆப்பு எல்லாம் வருது, போகுது, வருது, போகுது."

"கடையில காட்டலையா?"

"காட்டினேன். அந்தத் தம்பி ஃபார்மட் பண்ணிடலாம், எல்லாம் புதுசாயிடும்னான். அவன் கையில இருந்து பிடுங்கிட்டு வந்துட்டேன்."

சாமி இப்போதுதான் நிமிர்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"அஞ்சு மணிக்கு க்ளாஸ் இருக்கு சாமி" என்றார் இருதயராஜ். "இன்னொரு தடவை நடுவுல கட் ஆனா பிள்ளைங்களை வேற வாத்தியார்கிட்ட மாத்திடுவோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க."

துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அவர்கள். ஒரு ஆப் வழியாகத் தினமும் மாலையில் அவரிடம் கணக்குப் படிக்கிறார்கள். கம்பெனி கொடுக்கும் சம்பளம் அவருக்குப் பெரிதில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அவர் வீட்டில் மனிதக் குரல் கேட்கும் நேரம். மற்ற நேரமெல்லாம் ஃபிரிட்ஜ் உறுமும், அவ்வளவுதான். பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு அந்த வீட்டுக்குள் எப்படி இருப்பது?

சாமி லேப்டாப்பைத் தன் செல்போன் நெட்டில் இணைத்தார். பிரவுசரைத் திறந்தார். செய்தி வந்தது, சினிமா வந்தது, வேண்டாத விளம்பரமெல்லாம் வந்தது.

கணக்கு வகுப்பு ஆப்பைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பு இல்லை என்றது. சற்று நேரத்தில் தானாகவே வந்தது. வந்த சுவடு மறைவதற்குள் மறுபடியும் போனது.

சாமி உள்ளே எங்கெங்கோ போய் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். பார்த்தார். லேப்டாப்பைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"மோர் குடிச்சா நல்லா இருக்கும்" என்றார்.

"இப்பவா சாமி?"

"மணி நாலுதானே ஆகுது. கீழத் தெருவுல காளியப்பன் வீடு, பச்சைக் கதவு. முதல்ல அங்க கேளுங்க. கிடைக்கலேன்னா பக்கத்து வீட்டுல கேளுங்க. வரிசையை மட்டும் மாத்திடாதீங்க."

வீடு பற்றி எரியும்போது மோர் வாங்கப் போகச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். இருதயராஜுக்கும் வந்தது. ஆனாலும் சாமி சொல்லிவிட்டாரே. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பச்சைக் கதவு இருந்தது. தட்டினார்.

பதில் இல்லை. நின்றார்.

சாமி சொல்லி அனுப்பியிருக்கிறார், ஆள் இல்லாமலா போகும் என்று மறுபடியும் தட்டினார். "காளியப்பன், காளியப்பன்" என்று குரல் கொடுத்தார். ஓர் ஆடு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது.

பக்கத்து வீட்டுப் பெண் முறத்தோடு வெளியே வந்தாள்.

"யாரண்ணே வேணும்?"

"காளியப்பன். மோர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"அவரு செத்து தை வந்தா வருஷமாகப் போகுதே. கதவுல பூட்டுத் தொங்குறது தெரியலையா?"

பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு நேரமும் அதற்குப் பக்கத்திலேயேதான் தட்டியிருக்கிறார்.

"மோருதானே, குடுங்க சட்டிய" என்றாள் அவள். நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்தாள்.

இருதயராஜ் கொட்டகைக்குத் திரும்பியபோது முகம் கடுகடுவென்று இருந்தது. சட்டியைச் சற்றுச் சத்தமாகவே வைத்தார்.

"சாமி, காளியப்பன் செத்துப்போனது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பூட்டின வீட்டு வாசல்ல என்னை நிக்க வெச்சீங்களா?"

சாமி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க ஆப்பையெல்லாம் நீங்க அப்படித்தானே சார் நிக்க வெச்சிருக்கீங்க?"

திரையில் இரண்டு வரி எண்கள் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்று.

"ஒவ்வொரு ஆப்பும் வெளிய கிளம்புறதுக்கு முன்னால யார்கிட்டயாவது வழி கேக்கும். யார்கிட்ட கேக்கணும்னு எழுதி வெச்சிருக்கிற இடம் இது. முதல் விலாசத்துல ஆள் இல்லை. தட்டுது, நிக்குது, அப்புறம்தான் ரெண்டாவது விலாசத்துக்குப் போகுது. சில ஆப்பு பொறுமையா நிக்கும். சிலது அலுத்துப்போய்த் திரும்பிடும். பிரவுசர் மட்டும் வழி கேக்கறதுக்குத் தனியா ஆள் வெச்சிருக்கு, அதனால பிழைச்சுது."

இருதயராஜ் திரைப் பக்கம் குனிந்தார்.

"இது தானா வந்து உக்காந்த எண் இல்லை" என்றார் சாமி. "யாரோ கையால அடிச்சது. இந்த முதல் வீடு யாரோடது?"

காற்று அடித்துக் கடலைத் தோல் தரையில் ஓடியது.

"செசிலியோடது" என்றார் இருதயராஜ்.

செசிலி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்தவள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கமாட்டாமல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினாள். கிறிஸ்துமஸ் கேக் வந்த தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, அதை உள்ளே வைத்து மூடினாள். டப்பா பீரோவின் மேல் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. அதன் பிறகு அந்த வீட்டு லேப்டாப்பும் செல்போனும் எங்கே போவதென்றாலும் அந்த டப்பாவிடம்தான் வழி கேட்கும். போகக்கூடாத இடத்துக்கு டப்பா வழி சொல்லாது.

"இந்த வீட்டுல யார் எங்க போறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வாள்.

இருதயராஜ் ஏற்கெனவே அப்படித்தான். கல்யாண வீட்டுக்கு எந்தச் சட்டை என்று கேட்பார். சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு யாருக்குக் கல்யாணம் என்றும் அவளிடமே கேட்பார். எந்த பஸ், எந்த டாக்டர், சாம்பாரில் உப்பு போதுமா என்பதுவரை அவள் வாயால் வரவேண்டும். நாக்கு அவருடையதுதான்.

மாலையில் அவர் வகுப்பு எடுப்பார். அவள் அடுப்படியில் பீன்ஸ் நறுக்குவாள். பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கேயாவது அவர் தப்பாகக் கூட்டிவிட்டால் கத்தி நின்றுவிடும். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை வராது. அவர் எழுதியதைத் திரும்பிப் பார்ப்பார், தப்பு இருக்கும், திருத்துவார். கத்தி மறுபடியும் நறுக்க ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. எவ்வளவு நல்ல சாயங்காலங்கள் அவை. அப்போது அது சந்தோஷம் என்று அவருக்குத் தோன்றியதுகூட இல்லை, பீன்ஸ் என்றுதான் தோன்றியது.

அவள் போன பிறகும் டப்பா வேலை செய்தது. ராத்திரி விளக்கை அணைத்தால் ஆணி ஓட்டைகள் வழியாகப் பச்சை வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்.

ஐப்பசியில் ஒரு இடி இறங்கியது. பச்சை வெளிச்சம் போய்விட்டது.

இதையெல்லாம் விட்டு விட்டுச் சொல்லி முடித்தார் இருதயராஜ். சாமி மோரை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதனாலதான் ஆப்பு கட்டாகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னும் சொல்ல முடியாது சாமி. தெரியாதுன்னும் சொல்ல முடியாது."

"ம்."

"சேலையெல்லாம் அவ தங்கச்சி கொண்டுபோயிட்டா. கண்ணாடியைக் கண்ணாஸ்பத்திரியில குடுத்தாச்சு. செருப்பைக்கூட யாருக்கோ குடுத்தாச்சு. இந்த எண்ணு அவ உக்காந்து அடிச்சது. கடைத் தம்பி ஃபார்மட் பண்ணினா இதுவும் போயிடும்ல சாமி."

சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அழுகையை வேர்வை என்று ஏமாற்றலாம் என்று பார்த்தார். கார்த்திகை மாதக் குளிரில் அது எடுபடவில்லை.

ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. செல்போனில் கம்பெனிப் பெண் செய்தி அனுப்பியிருந்தாள். இன்னிக்கு வருவீங்கள்ல சார் என்று கேட்டிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்திருப்பார்கள்.

சாமி லேப்டாப்பை இருதயராஜின் மடிக்கு நகர்த்தினார்.

"எங்க மாத்தணும்னு காட்டறேன். மாத்த வேண்டியது நீங்க."

இருதயராஜ் விரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"அழிச்சிடட்டுமா சாமி?"

சாமி மோர் குடித்தார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. அழிக்கட்டுமா, வேண்டாமா?"

சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதையும் யார்கிட்டயாவது கேக்கணுமா சார்?"

இருதயராஜுக்குச் சுருக்கென்றது. திரையைப் பார்த்தார்.

முதல் வரியை அழித்தார். ஒவ்வொரு எண்ணாக அழித்தார், மொத்தமாக அழிக்கத் தெரியாமல் இல்லை. வரி காலியாயிற்று. காலியான இடத்தில் கோடு ஒன்று மினுக் மினுக்கென்று துடித்தது.

அந்த இடத்தில் இரண்டாவது வரியின் எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தார்.

இரண்டாவது வரியையும் அழித்தார். அதில் ஓர் எண்ணை அடித்தார். இதற்கு எதையும் பார்க்கவில்லை, விரல் தானாகப் போனது.

சேமித்தார். வகுப்பு ஆப்பைத் திறந்தார்.

வட்டம் சுற்றவில்லை. சட்டென்று திறந்துகொண்டது. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்தன. "குட் ஈவினிங் சார்" என்று ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். ஒரு பையன் மட்டும், "சார், இன்னிக்கு டெஸ்ட் இல்லைதானே?" என்றான்.

"டெஸ்ட் உண்டு" என்றார் இருதயராஜ். யாரையும் கேட்கவில்லை. குரல் தழுதழுத்தது, பையன் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டு நோட்டை எடுத்தான்.

கட்டாகவில்லை. ஒரு கணக்கு போயிற்று, இன்னொரு கணக்கு போயிற்று. பிள்ளைகள் தலை குனிந்து எழுதினார்கள். கொட்டகை முழுக்க அவர்கள் குரலாக இருந்தது.

சாமி அவர் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"முதல் வரி சரி சார். ரெண்டாவதுல அந்தப் பூட்டின வீட்டையே திரும்ப எழுதியிருக்கீங்களே. அங்க கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்களே."

இருதயராஜ் மைக்கை அணைத்தார்.

"கேக்கறதுக்கு இல்லை சாமி" என்றார். "போயிட்டு வரேன்னு சொல்றதுக்கு."