தூக்கணாங்கூட்டுக்குக் கூவிய மைனா

ஒரு காட்டில், மழைக்கு முந்திய நாட்களில், வெயில்கூடக் கனவு காண்பதுபோல் மெல்லத்தான் நகரும். அந்தக் காட்டு மலைமேல் ஓர் ஆலமரக் கல்லூரி இருந்தது. நிலாவை ஏழு விதமாகப் புகழ அங்கே கற்றுத் தருவார்கள். ஏழையும் பாடி முதலாவதாகத் தேறியவள் சாரிகா என்ற மைனா.

படிப்பு முடிந்து கிளம்பும்போது, தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த கிளையை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அங்கே வேறொரு மைனா அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. சாரிகா பனிமூட்டத்துக்குள் இறங்கிப் பறந்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளத்தின்மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் பொன்னுரங்கம் என்ற தூக்கணாங்குருவி ஒரு கூட்டைப் பாதி பின்னி வைத்திருந்தான். அவர்கள் வழக்கம் அப்படி. பெண் குருவிகள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பாதிக் கூட்டைப் பார்ப்பார்கள். பிடித்தால்தான் மீதிக் கூடு.

"எனக்குப் பின்ன வரும், பேச வராது," என்றான் பொன்னுரங்கம், வேலை தேடி வந்த சாரிகாவிடம். "நீ கூவிக் கூப்பிடு. மழை இறங்குறதுக்குள்ள ஒருத்தியாவது சரின்னு சொல்லணும். இல்லேன்னா கூட்டை நானே பிய்ச்சுப் போட்டுடுவேன். உனக்கும் இங்கே வேலை இல்லை."

"கவலைப்படாதீங்கண்ணா. நிலாவையே ஏழு விதமாப் பாடினவ நான்!"

சாரிகா மர உச்சியில் ஏறிக் கூவினாள்:

"வாருங்கள், வாருங்கள்! தென்றல் தூளியாட்டும் வீடு! மின்மினி விளக்கேற்றும் வீடு! குனிந்து பாருங்கள், தண்ணீருக்குள் இன்னொரு வீடு!"

குளத்துக்குள் அந்தக் கூடு தலைகீழாக, மேகங்களோடு மேகமாக மிதந்தது.

பெண் குருவிகள் கூட்டமாக வந்தார்கள். கண்மூடிக் கேட்டார்கள். கூட்டின் நார் ஒன்றை அலகால் இழுத்துப் பார்த்தார்கள். "என்னமாப் பாடுறே கண்ணு!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனார்கள்.

அழகு போதவில்லை போலும் என்று நினைத்தாள் சாரிகா. தண்ணீரைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். வந்தவர்கள் இன்னும் சீக்கிரமாகப் போனார்கள்.

"அம்மாடி, காலேஜ் மைனா!" என்று கீச்சிட்டது பக்கத்து மரத்து அணில். "கூட்டமெல்லாம் உன் பாட்டுக்குத்தான். கூட்டுக்கு ஓர் எறும்புகூட வரலையே!"

"உன் வேலையைப் பாரு!" என்றாள் சாரிகா. மேற்கே வானம் கறுத்திருந்தது. திரும்பிப் போக அவளுக்குக் கிளையும் இல்லை.

அப்போது தாழை என்ற பெண் குருவி வந்தாள். நார் ஒன்றை இழுத்தாள். தலையைச் சாய்த்துப் பாட்டைக் கேட்டாள். தண்ணீர் என்ற சொல் வந்ததும் சிலிர்த்து விலகினாள்.

சாரிகா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். "அக்கா, எந்த இடத்துல பிடிக்காமப் போச்சு?"

"தண்ணின்னு சொன்னியே, அங்கே," என்றாள் தாழை. "போன மழையில என் கூடு அறுந்து விழுந்துச்சு. குஞ்சுங்க உள்ளே இருந்துச்சுங்க."

குளம் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது.

"இது அறுந்து விழாதுன்னு உனக்குத் தெரியுமா? உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கியா?"

"இல்லக்கா."

நான்கு தூக்கணாங்குருவிகளின் கனம் ஒரு மைனாவுக்கு உண்டு. சாரிகா கீழிருந்து கூட்டுக்குள் நுழைந்து, குறுக்கே பின்னியிருந்த நார்ப்பட்டையில் உட்கார்ந்தாள்.

"ஐயையோ, இறங்கு! அறுத்துத் தொலைச்சிடாதே!" என்று அலறினான் பொன்னுரங்கம்.

"நீயே இப்படிக் கத்தினா வேற யாருய்யா நம்புவா?" என்றது அணில்.

மழைக்காற்று வந்துவிட்டது. கூடு வீசி ஆடியது. தண்ணீர் எழுந்து வருவதுபோல் வந்து விலகிப் போயிற்று. சாரிகா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பச்சை இருட்டுக்குள் ஒரு சின்ன முனகல் கேட்டது. நார்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ஓசை அது. அவள் பாட்டு எதிலும் அது இல்லை.

காற்று ஓய்ந்தபோது கூடு இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்த சாரிகாவுக்கு மூச்சு வாங்கியது. "காத்து அடிக்க அடிக்க முடிச்சு இறுகுதுக்கா," என்றாள். "நான்தான் பயந்தேன். கூடு பயப்படலை."

தாழை உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத் தலையை மட்டும் நீட்டினாள்.

"மீதியையும் பின்னச் சொல்லு அவரை."

பொன்னுரங்கம் புல் கிழிக்கப் பறந்தான். முதல் துளி குளத்தில் விழுந்து, தண்ணீருக்குள் இருந்த கூட்டைக் கலைத்தது. மேலே இருந்த கூடு அப்படியே இருந்தது.

மழை விட்ட மாலையில், ஈச்சமரத்தில் தனக்கென்று கிடைத்த மட்டையில் அமர்ந்து, சாரிகா நிலாப் பாட்டைத் தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தாள்.

"இது எந்தக் கூட்டுக்கு?" என்று கேட்டது அணில்.

"எந்தக் கூட்டுக்கும் இல்லை," என்றாள் சாரிகா.

நீதி: கேட்பவரின் பயத்தை அறியாத பேச்சு, எவ்வளவு அழகானாலும், அவரை வாசல்வரைதான் அழைத்து வரும்.